இடம் எங்க டீச்சர் போச்சு?

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ போன் பண்ணியபோது நான் உனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் நீ சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் உன் குரல் பழைய கம்பெனியில் வேலை பார்த்த நாட்களில் இருந்த மாதிரி ஆகிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுத்தலே வரவில்லை என்றாய். முக்கியமான கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்தால் போதும் என்று தலைமையாசிரியர் சொல்கிறார் என்றாய். மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன் என்றாய். அப்போதுதான் அதைக் கேட்டாய். "அம்மா, டீச்சராகப் போறவங்களுக்குக் கணக்கு எப்படிச் சொல்லித் தரணும்னு இத்தனை வருஷமாப் பாடம் எடுத்தியே, அதனால எந்தக் கிளாஸ்லயாவது ஒரு பிள்ளைக்காவது கணக்கு புரிஞ்சிருக்கா?" என்னைக் குத்துவதற்காக நீ கேட்கவில்லை என்று தெரியும். உனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

போனில் பேச முடியாததால் எழுதுகிறேன். தொண்டைக்குள் சின்னதாக முடிச்சு விழுந்திருக்கிறது, நிறையப் பேசுகிறவர்களுக்கு வருவதுதான், கொஞ்ச நாள் பேச்சைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் பாடத்தை எழுதிக்காட்டி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். வருகிற மே மாதத்தோடு எனக்கு ஓய்வு. ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டிருக்கிறார்கள். உன் பெயரை எடுத்துவிட்டு இதையே கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகளும் இன்னும் கொஞ்ச நாளில் உன்னை மாதிரி ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வகுப்பில் போய் நிற்கப் போகிறவர்கள்தான். உனக்கு வேண்டாம் என்று பட்டால் சொல், கொடுக்கவில்லை.

நீ சின்னப் பையனாக இருந்தபோது பள்ளிக்கூட லீவில் உன்னைக் கல்லூரிக்குக் கூட்டிப் போவேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சார்ட் செய்து மிச்சமான தெர்மாகோல் துண்டுகளை வைத்து வீடு கட்டிக்கொண்டிருப்பாய். ஒரு நாள் எங்கள் பிள்ளைகள் பயிற்சிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதாவது, ஒருத்தி டீச்சர் மாதிரி நின்று பாடம் எடுப்பாள், மற்றவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து பதில் சொல்வார்கள். அவள் எது கேட்டாலும் எல்லோரும் சரியான பதிலையே சொன்னார்கள். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் நீ கேட்டாய், உட்கார்ந்திருந்த அக்காங்களுக்கு எல்லாமே தெரியுதே, அப்புறம் ஏன் அவங்களுக்குப் பாடம் எடுக்கிறாங்க என்று. நான் சிரித்தேன். உன் அப்பாவிடம் சொல்லி அவரும் சிரித்தார். யோசித்துப் பார்த்தால் என் வேலை முழுவதும் அப்படித்தான் போயிருக்கிறது. நோக்கம், ஆர்வமூட்டல், துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டம் கட்டமாக எழுதிவந்த பாடத்திட்டங்களில் கையெழுத்துப் போட்டே விரல் காய்த்துவிட்டது. அந்தக் கட்டங்களில் எதிலும் புரியாத பிள்ளை என்று ஒருத்தி கிடையாது.

அதனால் உன் கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் எதுவும் இல்லை. இந்த வருஷம் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீயே பார்த்துக்கொள்.

இந்தத் தடவை என் வகுப்பில் சுகந்தி என்று ஒருத்தி இருக்கிறாள். ஒரத்தநாட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பா, அம்மா இரண்டு பேரும் வயல் வேலைக்குப் போனவர்கள். அந்தத் தெருவிலேயே முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். எம்.எஸ்சி. கணிதம் முடித்து, கல்யாணமாகி, ஒரு குழந்தையும் பிறந்த பிறகு பி.எட். சேர்ந்திருக்கிறாள். குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார், வேண்டாவெறுப்பாகத்தான். வீட்டுக்காரர் வயரிங் வேலை பார்க்கிறவர். இந்த வருஷத்தோடு படிப்பு முடிந்தாக வேண்டும், இன்னொரு வருஷமெல்லாம் முடியாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். எழுதச் சொன்னதை நேராக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவருவாள். உண்மையைச் சொன்னால், ஐப்பசி மாதம்வரை அவளை நான் தனியாகக் கவனித்ததே இல்லை.

ஐப்பசியில் எங்கள் பிள்ளைகளைப் பயிற்சிக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவோம். சுகந்திக்கு வெண்ணாற்றைத் தாண்டி ஓர் உயர்நிலைப் பள்ளி கிடைத்தது. அங்கே கணித ஆசிரியர் துரைராஜ் சார். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை கணக்குக்கு அவர் ஒருத்தர்தான். எங்கள் பிள்ளைகள் வந்தால் கீழ் வகுப்புகளை அவர்களிடம் விட்டுவிட்டுப் பத்தாம் வகுப்பைக் கொஞ்சம் நிம்மதியாகப் பார்க்கலாம் என்பதால் எங்களை வரவேற்பார். நான் மேற்பார்வைக்குப் போன அன்று நல்ல மழை. ஏழாம் வகுப்பு. இணைகரத்தின் பரப்பளவு. கடைசி பெஞ்சில் துரைராஜ் சாரும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

சுகந்தி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்தாள். சார்ட்டைத் தொங்கவிட்டாள். சாய்ந்த உருவத்தின் ஓர் ஓரத்தில் முக்கோணத்தை வெட்டி மறு ஓரத்தில் ஒட்டினால் செவ்வகமாகிவிடும், அதனால் அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்க வேண்டும் என்று எழுதிப் போட்டாள். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். அபிநயா என்று ஒரு பெண் மட்டும் எழுதவில்லை. தப்பு டீச்சர் என்றாள். செவ்வகத்துக்கு நீளத்தை அகலத்தால் பெருக்கினோம், இது அதே செவ்வகத்தைச் சாய்த்ததுதானே, அப்புறம் ஏன் பக்கத்தை விட்டுவிட்டு நடுவில் ஒரு கோடு போட்டு அதைப் பெருக்க வேண்டும் என்று கேட்டாள். சுகந்தி, சாய்ந்தால் பரப்பு குறையும் என்றாள். அந்தப் பெண் எழுந்து நின்றுகொண்டது.

"நாலு பக்கமும் அப்படியேதானே இருக்கு. உள்ள இருந்த இடம் எங்க டீச்சர் போச்சு?"

வகுப்பே சுகந்தியைப் பார்த்தது. அவள் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். கையில் இருந்த சாக்பீஸை இரண்டாக உடைத்தாள். பிறகு எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு, "எனக்குச் சொல்லத் தெரியலம்மா. நாளைக்குப் பார்ப்போம்" என்றாள். மிச்ச நேரத்துக்கு வீட்டுப்பாடத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். துரைராஜ் சார் என் பக்கம் சாய்ந்து, வாத்தியார் தெரியாதுன்னு வாயால சொல்லிட்டா அப்புறம் அந்த வகுப்பைப் பிடிக்க முடியாது மேடம் என்றார். அவர் சொன்னதில் கோபம் இல்லை. பல வருஷம் வகுப்பைப் பிடித்துப் பழகியவர்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் சுகந்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாடம் முடிந்ததாக எழுதிவிடு, அடுத்த பாடத்துக்குப் போ என்று சொன்னேன். எனக்கு முழங்கால் வலி, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. அவள் தலையாட்டிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வயல்களில் சம்பா நட்டு, பச்சை பிடித்திருந்த நேரம். இறங்கும்போது சொன்னாள். "எம்.எஸ்சி. வரைக்கும் படிச்சிருக்கேன் மேம். அந்தப் பிள்ளை கேட்டது எனக்கு ஒருநாள்கூடத் தோணினதில்லை. தோணாமலேயே பாஸ் பண்ணிட்டேன்."

மறுநாள் மழைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் மட்டும் கல்லூரிக்கு வந்திருந்தார்கள். சுகந்தியும் வந்துவிட்டாள். கையில் ஒரு பை. வயரை மூடி அடிப்பார்களே, வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை, அதில் நான்கு துண்டு எடுத்து மூலைக்கு மூலை போல்ட் போட்டு அவள் வீட்டுக்காரரிடம் ஒரு சட்டம் செய்து வாங்கி வந்திருந்தாள். நேராக நிறுத்தினால் செவ்வகம். ஒரு மூலையைத் தள்ளினால் சாயும். நான் அன்று எடுக்க வேண்டிய பாடத்தை எடுக்கவில்லை. அபிநயாவின் கேள்வியை அப்படியே பலகையில் எழுதிப்போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தொண்டை அப்போதே சரியில்லை. அதனால்தான் உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்.

அருள் என்று ஒரு பையன் இருக்கிறான், கெட்டிக்காரன், சாயங்காலத்தில் சொந்தமாக டியூஷன் நடத்துகிறான். அவன் முதலில் எழுந்து, இதில் பேச என்ன இருக்கிறது மேம், ஃபார்முலா போட்டால் மார்க் வரும் என்றான். அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று ஒருத்தி கேட்டாள். பரப்பு குறையவே குறையாது, அவளுக்குத்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றான் அருள். மேஜையில் இருந்த ரெக்கார்டு நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். பக்கவாட்டில் பார்த்தால் செவ்வகம். அடுக்கை ஒரு பக்கமாகத் தள்ளிச் சாய்த்தான். "ஒரு நோட்டாவது குறைஞ்சுதா? அப்புறம் எப்படி இடம் குறையும்?" என்றான். வகுப்பில் பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். சுகந்தி எழுந்துபோய் அந்த அடுக்குக்குப் பக்கத்தில் தன்னுடைய சட்டத்தை வைத்து மெதுவாகச் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். மேல்பட்டை கீழ்ப்பட்டைமேல் போய்ப் படுத்துவிட்டது. நான்கு பக்கமும் அப்படியே இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை.

தம்பி, எல்லோரும் கணிதத்தில் பட்டம் வாங்கியவர்கள். இரண்டும் சாய்ந்த உருவம்தான். ஒன்றில் இடம் குறையவில்லை, இன்னொன்றில் இடமே இல்லாமல் போய்விட்டது. மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சண்டை போட்டார்கள். கடைசியில் யாரோ ஸ்கேலை எடுத்து நோட்டு அடுக்கின் சாய்ந்த ஓரத்தை அளந்தார்கள். அது நீண்டிருந்தது, உயரம் மட்டும் மாறவில்லை. சட்டத்தில் ஓரம் மாறவில்லை, உயரம் இறங்கிக்கொண்டே வந்தது. புத்தகத்தில் வெட்டி ஒட்டும் படம் அருளின் அடுக்கு. அபிநயாவின் மனதில் இருந்தது சுகந்தியின் சட்டம். இரண்டையும் ஒரே படம் என்று நினைத்துக்கொண்டு நாம் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம். இடம் எங்கேயும் போகவில்லை. நான்கு பக்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் இடத்தையும் பிடித்து வைத்துக்கொண்டதாக நாமாக நினைத்திருக்கிறோம். அருள் நோட்டுகளைத் திரும்ப நேராக அடுக்கிவைத்தான். பிறகு, டியூஷனில் எத்தனை பிள்ளைகளிடம் வாயை மூடிட்டு ஃபார்முலாவை எழுதுன்னு சொல்லியிருப்பேன் மேம் என்றான். என் மனதிலும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இதோடு நின்றிருந்தால் நல்ல வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். மழை விட்டுப் பள்ளிக்கூடம் திறந்ததும் சுகந்தி துரைராஜ் சாரிடம் இன்னும் ஒரு பீரியட் கேட்டாள். பருவத் தேர்வு வருகிறது, பாடம் பாக்கி கிடக்கிறது, முடிந்த பாடத்துக்குத் திரும்பிப் போக முடியாது என்றுவிட்டார். அவளும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புங்கமரத்தடியில் உட்கார்ந்து அபிநயாவுக்கு மட்டும் சட்டத்தைக் காட்டலாம் என்று கூப்பிட்டிருக்கிறாள். அபிநயாவோடு இரண்டு பேர் வந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். தட்டைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே சுற்றி நின்றிருக்கிறார்கள். சட்டம் பத்தவில்லை என்று கொடிக்கயிறு ஒன்றை வாங்கிவந்து, நான்கு பேர் மூலைக்கு ஒருத்தராக நின்று, கயிறு தளராமல் நகர்ந்து நகர்ந்து அதைச் சாய்த்துப் பார்த்து, உள்ளே நின்ற பிள்ளைகள் நெருங்கி நெருங்கிக் கடைசியில் மூச்சு முட்டி வெளியே ஓடி, ஒரே கூச்சல். மணி அடித்தது அவர்களுக்குக் கேட்கவில்லை. அறிவியல் டீச்சர் காலி வகுப்பில் நின்றுவிட்டுத் தலைமையாசிரியையிடம் போய்விட்டார்.

சாயங்காலமே எங்கள் முதல்வருக்குப் போன் வந்தது. உங்கள் பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடுத்த வருஷத்திலிருந்து யாரையும் அனுப்ப வேண்டாம் என்று. பாதியில் திருப்பி அனுப்பினால் பயிற்சி நாட்கள் குறையும். நாட்கள் குறைந்தால் தேர்வு எழுத முடியாது. சுகந்திக்கு ஒரு வருஷம் போகும். அவள் வீட்டில் இன்னொரு வருஷம் என்று ஒன்று இல்லை. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் ஓய்வு பெறுகிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு மேடம், சத்தமில்லாமல் முடித்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னது எனக்கும் சரி என்றே பட்டது. அவ்வளவு அசதி. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, அந்தப் பெண்ணோடு நீயும் ஒரு தடவை போய்விட்டு வா, போகாமல் இருந்தால் உனக்குத் தூக்கம் வராது என்றார். நீ கம்பெனி வேலையை விட்டபோது உன்னோடு பேசாமல் இருந்தாரே, அதே மனிதர்தான்.

மறுநாள் காலை தலைமையாசிரியை அறையில் சுகந்தியும் நானும் நின்றோம். துரைராஜ் சாரையும் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகளில் யாராவது கயிறு தடுக்கி விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மன்னிப்புக் கேட்டால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார். நான் சுகந்தியைப் பார்த்தேன், கேட்டுவிடு என்று. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மணி அடிச்சதைக் கவனிக்காதது என் தப்புங்க மேடம். அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அந்தப் பாடத்தை மறுபடி எடுத்ததுக்குக் கேக்கச் சொல்லாதீங்க. கேட்டா அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது பொய்னு ஆயிரும்."

இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். துரைராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, இருக்கட்டும் மேடம், எனக்கு அடுத்த வாரம் வெளியூரில் தேர்வு வேலை போட்டிருக்கிறார்கள், இந்தப் பெண்ணும் போய்விட்டால் ஏழாம் வகுப்பைப் பார்க்க ஆளில்லை என்றார். தலைமையாசிரியை அவரைப் பார்த்தார், சுகந்தியைப் பார்த்தார், சரி, ஆனால் புத்தகத்தில் இருப்பதைத் தவிர ஒன்றும் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் சுகந்தி குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அப்புறம் வகுப்புக்குப் போனாள். நான் எதுவும் செய்யவில்லை தம்பி, பக்கத்தில் நின்றேன், அவ்வளவே. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

சுகந்தி பயிற்சியை முடித்தாள். ஆனால் செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் அவளுக்கு நடுத்தரமான மதிப்பெண்தான் போட்டார். ஒரு பிள்ளையின் பதிலைக் கேட்டுக்கொண்டே நின்றதால் பாடத்தை நேரத்துக்குள் முடிக்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து ஒரு தனியார் பள்ளி எங்கள் கல்லூரிக்கு வந்து ஆள் எடுத்தபோது அருளை எடுத்தார்கள், அவளை எடுக்கவில்லை. இதையும் உனக்குச் சொல்ல வேண்டும். நல்லது செய்தவர்களுக்கு நல்லது நடந்தது என்று மட்டும் எழுதினால் நீ என்னை நம்பமாட்டாய்.

அந்த மழை நாளுக்குப் பிறகு ஒன்று மட்டும் மாறியது. பயிற்சிப் பாடத்தில் எல்லோரும் சரியான பதில் சொல்லும் பழக்கத்தை இந்தப் பிள்ளைகளே நிறுத்திவிட்டார்கள். யோசனை அருளுடையது. பாடம் எடுக்கிறவருக்குத் தெரியாமல் ஒருத்தர் ஒரு தப்பான எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், அதை விட்டுக்கொடுக்காமல் வாதாட வேண்டும், டீச்சராக நிற்பவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் சண்டையும் அழுகையுமாக இருந்தது. மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்றுதான் பெரிது, ஏனென்றால் நான்குதான் பெரிது என்று ஒருத்தி பிடிவாதம் பிடித்தாள். எதிரே நின்ற பையனுக்கு ஃபார்முலா எதுவும் கைகொடுக்கவில்லை. ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்கவே அவனுக்கு வெகுநேரம் ஆனது. கேட்ட பிறகு வேலை சுலபமாகிவிட்டது. அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இதை நான் வேலையில் சேர்ந்த புதிதிலேயே செய்திருக்கலாமே என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பையும் விட்டுவிட்டேன். மிச்சம் இருப்பது கொஞ்ச மாதம்தான்.

உன் ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறேன். அவர்களுக்கு வகுத்தல் வரவில்லை என்றாய். எப்படி வரவில்லை என்று நீ சொல்லவில்லை. சுழியைப் போட மறக்கிறார்களா, மீதியைக் கண்டு பயப்படுகிறார்களா, சின்ன எண்ணைப் பெரிய எண்ணால் வகுக்கவே முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களா? ஒவ்வொன்றும் வேறு வேறு. அத்தனை பேரையும் உன்னால் கேட்க முடியாது, தெரியும். தலைமையாசிரியர் சொல்கிற முக்கியமான கேள்விகளை எழுதிப்போடு. அந்தப் பிள்ளைகளுக்கும் பாஸ் ஆக வேண்டும், அவர்கள் வீட்டில் அதை நம்பி இருக்கிறார்கள், அதைக் கேவலமாக நினைக்காதே. அதற்கு நடுவில் ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையிடம் மட்டும், ஏன் இப்படிப் போட்டாய் என்று கேள். திட்டுகிற குரலில் கேட்காதே. உனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில் கேள். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கேட்டாயே, அந்தக் குரல் உனக்கு இருக்கிறது.

பருவத் தேர்வு முடிந்த பிறகு வேறு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். துரைராஜ் சார் ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். அபிநயாவுடையது. இணைகரத்தின் பரப்பளவு காண்க என்று ஒரு கணக்கு. படத்தில் அடிப்பக்கமும் சாய்ந்த பக்கமும் கொடுத்திருந்தார்கள். உயரம் அச்சில் விட்டுப்போயிருந்தது. மற்ற பிள்ளைகள் இருந்த இரண்டு எண்களையும் பெருக்கி விடை எழுதியிருந்தார்களாம். இவள் பெருக்கவில்லை. ஒரே மாதிரி பக்கங்கள் உள்ள மூன்று இணைகரங்களை, ஒன்றைவிட ஒன்று அதிகம் சாய்ந்த மாதிரி, வரைந்து வைத்திருந்தாள். கீழே, 'இதில் எது என்று சொல்லவில்லை, உயரம் தெரியாமல் இடம் தெரியாது' என்று எழுதியிருந்தாள். நான் படித்து முடிக்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விடைக்குப் பக்கத்தில் அவர் சரியும் போடவில்லை, தப்பும் போடவில்லை.

"மார்க் போட விடைக்குறிப்புல இடமில்லை மேடம். அடிக்கிறதுக்கும் கை வரலை" என்றார். நான் என்ன போடட்டும் என்று என்னையே கேட்டார். முழு மார்க் போடுங்கள் சார் என்றேன். யோசித்தார். பேனாவை எடுத்தார். போட்டுவிட்டு, கேள்வி தப்புன்னு மேல எழுதி அனுப்பணும், மத்தப் பிள்ளைங்களுக்கு என்ன செய்றது என்று அலுத்துக்கொண்டே அடுத்த தாளைப் பிரித்தார்.

நீ கேட்டாயே, ஒரு பிள்ளைக்காவது புரிந்திருக்கிறதா என்று. ஒரு பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சுகந்திகூட முழுதாகச் சொல்லிக்கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. இத்தனை வருஷத்துக்கு இது கொஞ்சம்தான். இதைச் சொல்லி உன்னை அங்கேயே இருக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் உடம்பும் மனதும் உன்னுடையவை. சென்னைக்குப் போனாலும் நீ என் பிள்ளைதான், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நேற்று துரைராஜ் சார் போன் பண்ணினார். சுகந்தி விட்டுவிட்டு வந்த அந்தச் சட்டத்திலிருந்து அபிநயா ஒரு பட்டையைக் கழற்றிவிட்டு மூன்றை மட்டும் வைத்து முக்கோணமாகக் கட்டியிருக்கிறாள். எவ்வளவு தள்ளியும் அது சாயவில்லை. ஏன் சார் இது மட்டும் ஆட மாட்டேங்குது என்று அவரிடம் வந்து நிற்கிறாளாம், வகுப்பும் கூடவே நிற்கிறதாம். நான் என்ன சொல்றது மேடம் என்று கேட்டார். பேசக்கூடாது என்பதால் நான் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் சொல்லப் போவதில்லை. உன் பள்ளிக்கூடத்துப் பக்கம் கடைத்தெருவில் பட்டையும் போல்ட்டும் கிடைக்கும். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போ. நான்கு துண்டில் ஒன்று, மூன்று துண்டில் ஒன்று. பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நீ ஓரமாக நில். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குப் போன் பண்ணிச் சொல். நான் பேசமாட்டேன், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா